காந்த நாற்காலியில் ஓர் ஆமா

பக்கவாதம் என் வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, 'ஆமா' என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது. பசிக்கிறதா என்றால் ஆமா. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாலும் ஆமாதான் வந்து விழும். உத்திரமேரூரில் முப்பது வருஷம் வாயாலேயே இரும்புக்கடை நடத்தியவனுக்கு இது வேண்டும்தான். ஒரே மாதத்தில் என் ஆமாவை யாரும் காதில் வாங்குவதில்லை என்றாகிவிட்டது.

தலையில் காந்தம் வைத்தால் பேச்சு திரும்பலாம் என்று காஞ்சிபுரத்து டாக்டர் சொன்னார். மறுநாளே மனைவி என்னை அவர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள்.

நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு வளையம் ஒட்டிய கருவியை என் காதுக்கு மேலே கொண்டுவந்த டெக்னீஷியன் பெண், தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"இவருக்கு எப்பவாவது வலிப்பு வந்துருக்காம்மா? இருந்தா இதனால மறுபடி வரலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா," என்றாள் மனைவி.

"ஆமா," என்றேன் நான்.

"பாத்தியா, எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லிக்கினு கீறாரு."

இந்த முறை அது உண்மை. பதினெட்டு வயதுவரை எனக்கு வலிப்பு இருந்தது. வரும்போதெல்லாம் அம்மா சாவிக்கொத்தை என் கையில் திணிப்பாள். இரும்பைப் பிடித்தால் அடங்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. பெண் பார்க்கப் போன அன்று, "இதப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்றாள் அம்மா. நானும் இன்றுவரை விடவில்லை.

"ஆமா! ஆமா!" என்று கத்தினேன்.

"பயப்படாதீங்க ஐயா, வலிக்காது," என்று அந்தப் பெண் தோளைத் தட்டினாள். அவளை அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. இடது கையை நீட்டி, மனைவி இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவிக்கொத்தைப் பிடுங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்தேன்.

"ஐயா, இரும்பு கிட்ட வரக் கூடாது. குடுங்க."

மனைவி அவளைத் தடுத்தாள்.

"நிறுத்தும்மா. வலிப்பு கீது. தூக்கத்துல வரும். நான்தான் சாவியக் கையில வைப்பேன். காலைல அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. சொன்னா மனசு ஒடஞ்சிடுவாருன்னு உட்டுட்டேன். இங்க சொன்னா காந்தம் வைக்க மாட்டீங்களேன்னு..."

நின்றுபோனது என்று நான் நம்பியிருந்தது நிற்கவே இல்லை. டெக்னீஷியன் கருவியை எடுத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் மனைவி.

"ஆமா."

அந்த ஒன்றை அவள் நம்பினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அதற்கும் ஆமா என்றுதான் வந்தது.