கம்பி கட்டிய வாயில் பஞ்சாமிர்தம்

ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிப்பதுதான் கண்டக்டருக்கு அழகு என்று நான் நம்பியிருந்த காலம். விராலிமலை நிறுத்தத்தில் டீச்சரம்மாக்கள் இரண்டு பேர் குடையோடு நிற்பதைப் பார்த்ததும், வண்டி நிற்குமுன்பே ஒற்றைக் கையை விட்டுவிட்டு இறங்கினேன். கால் இறங்கியது. உடம்பு வண்டியோடு போயிற்று. கைப்பிடிக் கம்பி வந்து என் வாயில் ஒரு முத்தம் கொடுத்தது. எழுந்து பார்த்தபோது மேல்வரிசை முன்பல் இரண்டும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தன. டீச்சரம்மாக்கள் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சிரிக்காமல் இருந்திருந்தால் அவர்கள் மனிதப் பிறவியே இல்லை.

திருச்சியில் பல் டாக்டர் ஒருவர் ஒவ்வொரு பல்லையும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டினார். பந்தலுக்குக் கழி கட்டுகிற மாதிரி வரிசையாக முடிச்சு. கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"பல்லு விழல, ஆடுது. ஈறு நல்லா இருந்தா மறுபடி புடிச்சுக்கும். கம்பிக்கு அடியில சாப்பாடு தங்குனா ஈறு அழுகும். எது தின்னாலும் உடனே பிரஷ் போடுங்க, வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிங்க. இனிப்பும் ஒட்டுற பண்டமும் கிட்டவே வரக்கூடாது. கேக்கலைன்னா பல்லு ரெண்டும் என் கைக்கு வந்துரும்."

அதுவரை என் பல்லுக்குத் தெரிந்ததெல்லாம் உமிக்கரியும் ஆள்காட்டி விரலும்தான். இப்போது ஒரு பிரஷ் வாங்கினேன். காக்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அது நின்றது. பையில் உப்புப் பொட்டலம், தோளில் தண்ணீர் பாட்டில். முன்பல் இல்லாமல் விசிலை எதில் கவ்வுவது? விசில் இல்லாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அந்தப் பயத்தில் முதல் சில நாள் குளத்துத் தவளையைப் போல ஓயாமல் கொப்பளித்தேன்.

வந்த வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. உதடு வீங்கி எனக்குப் பேச்சு வரவில்லை. ஜாடையாலேயே டிக்கெட் கிழித்தேன். அது தைப்பூசத்தை ஒட்டிய வாரம். விராலிமலை முருகனுக்கு வாய்ப்பூட்டு என்று ஒரு வேண்டுதல் உண்டு. கன்னத்தில் அலகு குத்தி, வாயைப் பூட்டி, மலையேறி முடிக்கும்வரை பேசாமலிருப்பார்கள். நித்தம் எங்கள் வண்டியில் கூடையோடு ஏறும் பூக்காரம்மா என் வாய்க்குள் கம்பி மின்னுவதைப் பார்த்துவிட்டார்.

"அடி ஆத்தே! கண்டக்டரு வாயிக்குள்ளயே பூட்டுப் போட்டிருக்காரு!" என்று கத்தினார். "வெளிய குத்துறதைப் பாத்திருக்கேன், உள்ள குத்துறதை இப்பத்தான் பாக்குறேன். எம்புட்டுப் பெரிய வேண்டுதலோ!"

நான் பதறிக் கையை ஆட்டினேன். "ஊகூம், ஊகூம்" என்றேன்.

"பாத்தீங்களா, சொல்லக்கூடாதாம். வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுல்ல" என்றார் பின் சீட்டுக்காரர்.

அன்று முதல் நான் சாமி. பூக்காரம்மா தினமும் ஒரு முழம் மல்லிகைப்பூ கொடுத்தார். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களெல்லாம் முதலில் என் நெற்றியில் விபூதி பூசினார்கள்; மீந்ததை வாயில் போட்டார்கள். பிறகு பஞ்சாமிர்தம். வாழைப்பழம், வெல்லம், கற்கண்டு, பேரீச்சை, தேன்: டாக்டர் கிட்டவே வரக்கூடாது என்றதெல்லாம் ஒன்றாகக் குழைந்து ஒரே உருண்டையாக வந்தது. "வாயைத் தொறங்க சாமி" என்று ஊட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் அடக்கம் என்று மெச்சி இன்னொரு உருண்டை. ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக் கொப்பளிக்கப் பார்த்தேன். வண்டியே "ஐயையோ!" என்றது.

"பிரசாதத்தைத் துப்புறீங்களே சாமி! குடும்பத்துக்கு ஆகுமா?"

விழுங்கினேன். எல்லாவற்றையும் விழுங்கினேன். பிரஷ் பையில் காய்ந்து நின்றது.

டிரைவர் என்னைவிட வயதில் மூத்தவர். கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். "மாப்ளே, இப்புடியே போனா மலையில ஒனக்கும் ஒரு சன்னதி கட்டிருவாய்ங்கடா. எனக்கு உண்டியலை மட்டும் குடுத்துரு."

பூசம் முடிந்த வாரம் ஒரு காலையில் முகம் கழுவினேன். எச்சில் சிவப்பாக வந்தது. ரசக் கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு அத்திப்பழமாக வீங்கி, கம்பியைப் பாதி மூடியிருந்தது. நாக்கால் தொட்டேன். பல் அசைந்தது. போன வாரத்தைவிட அதிகமாக அசைந்தது.

முதல் வண்டியிலேயே திருச்சிக்கு ஓடினேன். டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். பிறகு சின்னக் கொக்கியால் கம்பிக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். பேரீச்சை நார். கல்லாகிப்போன கற்கண்டு. சாம்பல் பூத்த ஒரு கட்டி.

"இது என்ன?"

"விபூதி, சார்."

"வாய்க்குள்ளயா?"

உதட்டு வீக்கம் வடிந்து பேச்சு வந்துவிட்டிருந்தது; நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. "இன்னும் ஒரு வாரம் இப்படி இருந்தீங்கன்னா பல்லை மட்டுமில்ல, எலும்பையும் சேத்துச் சொரண்டணும்" என்றார்.

திரும்பும்போது எங்கள் வண்டியிலேயே ஏறி டிக்கெட் கொடுத்தேன். விராலிமலையில் ஒரு குடும்பம் ஏறியது. மறுக்குமுன் வாயில் பஞ்சாமிர்தம். நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, எழுந்து நின்று அறிவித்தார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! சாமியோட வேண்டுதல்ல இனிமே ஒரு முறை இருக்கு. பிரசாதம் உள்ள போனா உப்புத் தண்ணியில கொப்பளிச்சே ஆகணும். முருகன் கனவுல வந்து சொல்லிட்டாரு."

என்னிடம் கேட்காமலேயே முருகனை வேலைக்கு எடுத்துவிட்டார். சரி, பல் பிழைத்தால் போதும் என்று கீழே இறங்கினேன். பிரஷ் போட்டேன். உப்புத் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக் கம்பிக்குள் அலசி அலசிக் கொப்பளித்தேன். துப்பக் குனிந்தால், கீழே இரண்டு கைகள் ஏந்தி நின்றன. பூக்காரம்மா.

"தீர்த்தம் குடுங்க சாமி."

என் கண் பிதுங்கிவிட்டது. வாயில் ரத்தமும் வெல்லமும் உப்பும். துப்பினால் அவர் குடித்துவிடுவார். விழுங்கினால் என் குடல் ஒத்துக்கொள்ளாது. பின்னால் நகர்ந்தேன், அவரும் நகர்ந்து வந்தார். மரத்தைச் சுற்றினேன், அவரும் சுற்றினார். கடைசியில் அண்ணாந்து வானத்தைப் பார்த்துத் துப்பினேன். முக்கால்வாசி என் மேலேயே விழுந்தது. வாய் காலியானதும் உதட்டைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்:

"அக்கா! இது வேண்டுதல் இல்லக்கா! படியிலருந்து குதிச்சு விழுந்து பல்லு ஆடுது! டாக்டர் கட்டுன கம்பி!"

அவர் என் ஈறை உற்றுப் பார்த்தார். முகத்தில் பக்தி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.

"எடுபட்ட பயலே! இதுக்கா அம்புட்டு மல்லியப்பூ குடுத்தேன்! வாயில சீழு வச்சுக்கிட்டுப் பஞ்சாமிர்தமா திங்கிற?"

"நீங்கதானக்கா ஊட்டுனீங்க!"

"ஊட்டுனா திம்பியா? ஒனக்குப் புத்தி எங்க போச்சு? கொப்பளிடா மறுபடியும்!"

அதற்கப்புறம் எனக்கு மரியாதையும் இல்லை, நிம்மதியும் இல்லை. வடைக்கடையில் நான் வாயசைத்தால் போதும், வண்டியின் ஜன்னலெல்லாம் தலை முளைக்கும். "கண்டக்டரே, கொப்பளிச்சாச்சா? இங்கிட்டுத் திரும்பு, பல்லைக் காட்டு!" பூக்காரம்மா பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வண்டி புறப்படும்.

கம்பியை வெட்டி எடுத்த நாளில் டாக்டர் இரண்டு பல்லையும் விரலால் பிடித்துப் பலமாக ஆட்டினார். பல் அசையவில்லை. நான்தான் நாற்காலியோடு சேர்ந்து ஆடினேன்.