துண்டில் மடிந்திருந்த திருநீறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன், அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பது கண்ணில் படும். மூடி வைத்துவிடுவேன். இப்போது அம்மாவும் முருகன் பாதம் சேர்ந்துவிட்டாள். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலையில் இருந்தவர். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி விடாத இருமல். இனிமேல் தூசியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன சமயத்தில், சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வைத்திருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. கருவிகளைத் துடைக்க வேண்டும், சாமான் தூக்க வேண்டும். தூசி கிடையாது. முருகன் போட்ட உயிர்ப்பிச்சை என்பாள் அம்மா.

அங்கே என்ன ஆராய்கிறார்கள் என்று கேட்டால் வானத்தை என்பார் அப்பா. அம்மாவின் தம்பி, என் மாமாவுக்குச் சிரிப்பு தாங்காது. வெளிநாட்டுக்காரர்கள் தொலைநோக்கி ஒன்றை வானத்துக்கே ஏற்றி அனுப்பி, அதன் கண்ணாடியில் கோளாறு, படம் மங்கலாக வருகிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

“இன்னா மச்சான், மேல போனதுக்கே கண்ணு தெரியலியாம். நீ கேஜுல எறங்கி பாதாளத்துலேர்ந்து நட்சத்திரம் பாக்கறியா?”

“கண்ணால பாக்கறது இல்லடா. சூரியன்லேர்ந்து, நட்சத்திரத்துலேர்ந்து கண்ணுக்கே தெரியாத பொடிசா இன்னாவோ வந்துகினே கீதாம். மலை, பாறை எல்லாத்தயும் தாண்டிப் பூடுமாம். மேல நின்னா மத்த கதிருங்கோ சந்தக்கட மாதிரி எரைச்சல். கீழ போனா அதெல்லாம் பாறையிலயே நின்னுடும். இது மட்டும் வரும். பொறுமையா காத்துகினு இருக்கணும்.”

“ஆப்டுதா?”

“எப்பவாச்சும் ஒண்ணு.”

“ஏரில தூண்டில் போடறவன் தேவல மச்சான்!”

அந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது, ஆராய்ச்சிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள் என்று. மூடினால் அப்பா பழையபடி தூசிக்குத்தான் போக வேண்டும். அம்மா ஆடிப்போனாள். கருவி பெரிதாக எதையாவது கண்டுவிட்டால் எப்படி மூடுவார்கள் என்பது அவள் எண்ணம். கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குத் திருநீறு படாத இரும்பே இருக்காது. கடப்பாரையிலிருந்து, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜை இழுக்கிற எஞ்சின் வரை பட்டையும் பொட்டுமாக நிற்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் கற்பூரம், பூ, எதுவும் கூடாது. அம்மா கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

“இன்னாங்க, நெருப்புதானே கூடாது? இது சாமி பிரசாதம். கொஞ்சூண்டு பூசிட்டு வாங்க.”

பெரிய கருவி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக நிற்குமாம். அதன் ஓரத்தில் சின்னதாக இன்னொன்று, வட்ட முகத்தோடு, அதில் மெல்லிய தகடு போர்த்தியது. நெற்றி மாதிரியே இருந்ததால் அப்பா அதற்கு மூன்று பட்டை போட்டுவிட்டு வந்தார். மறுநாள் அந்தக் கருவியில் எண்கள் கிடுகிடுவென ஏறின. அப்பா மூச்சு வாங்க வந்து சொன்னபோது அம்மா முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்து லைன் முழுக்கக் கொடுத்தாள். மாமாவே இரண்டாவது முறை இலையை நீட்டினார். “மச்சான், உன் மிஷினுக்குக் கண்ணு தொறந்துச்சு போ!”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் ஒரு விஞ்ஞானி எங்கள் வீட்டுக்கு வந்தார். பம்பாய்க்காரர், அரைகுறைத் தமிழ். அம்மா பொங்கலை நீட்டி, “எங்க முருகன்தாங்க காட்டிக் குடுத்தாரு” என்றாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கு அம்மா” என்று முழுதும் சாப்பிட்டார். அம்மா திருநீறு பூச, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தெருமுனையில் அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, அதை நாலாக மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்தேன். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அப்பாவின் துண்டைத் துவைக்க எடுத்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மடிப்புக்குள் திருநீறு.

“காலையில நான் பூசி அனுப்பறத தொடச்சிட்டா கீழ எறங்கறீங்க? காட்டிக் குடுத்த சாமியவே தொடைக்கறீங்களா?”

பிறகு நடந்ததுதான் அம்மாவுக்குச் சாட்சியாகிவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தை மூடினார்கள். அப்பா மறுபடியும் தூசிக்குப் போனார். அன்று முதல் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். “இப்ப பூசி இன்னா ஆவும்?” என்பாள் அம்மா. நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோதும் அதையே சொன்னாள். நானும் அம்மா சொல்வதுதான் நிஜம் என்று வளர்ந்தேன். சுரங்கத்தையே மூடிய வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்கு வந்த அப்பாவின் கூட்டாளி, ஆராய்ச்சிக்கூடத்தில் கூடவே வேலை செய்தவர், கிளம்பும்போது என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“சாம்பல்ல ஒரு உப்பு கீதாம் கண்ணு. வாழப்பழத்துலகூட கீதாம். அதுலேர்ந்து கொஞ்சமா கதிர் வருமாம், ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்த மிஷின் எண்ணிடும். அன்னிக்கு அது பாத்தது நட்சத்திரத்த இல்ல, உங்கம்மா குடுத்த திருநீற. இனிமே நெத்திய தொடச்சிட்டு உள்ள வாங்கன்னாரு அந்த பம்பாய் சாரு. உங்கப்பா கையப் புடிச்சிகினு, ‘எம் பொஞ்சாதிகிட்ட சொல்லாதீங்க சார், லைனுக்கே பொங்கல் வெக்கறா’ன்னாரு. நீயும் சொல்லாத.”

நான் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை, தன் சாமி கண் திறந்ததாகவும் தன் புருஷன் அதைக் கெடுத்ததாகவும் நம்பியே போனாள். அந்தப் பழியை அப்பா ஏன் சுமந்தார் என்று அன்றே புரிந்துகொண்டேன். வெகுநாள் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. நெற்றியிலிருந்து துடைத்த திருநீற்றைச் சுரங்க வாசலிலேயே அவர் உதறியிருக்கலாம். உதறியிருந்தால் அம்மாவுக்குத் தெரிந்தே இருக்காது. பலபேர் கால் படும் மண்ணில் அதைப் போட மனம் வராமல் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் அகப்பட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். முருகன் நட்சத்திரத்தைக் காட்டினார் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். திருநீறு ஏமாற்றியது என்று சிரிக்கவும் வேண்டாம். அப்பா அதை உதறவில்லை, மடித்தார். அப்படியே சொல்லுங்கள்.