மண்ணுக்குள் ஒரு ஜாயிண்ட்

ரோசேர் டேகிள் வீட்டு முற்றத்தில் மட்டும் பனி ஒருநாளும் முழுதாக நிற்காது. வீட்டைச் சூடேற்றும் விறகு பாய்லர் நிற்கும் கொட்டகையிலிருந்து சமையலறைச் சுவர் வரை, அறுபதடி நீளத்துக்கு ஒரு கோடாகப் பழுப்புப் புல் தெரியும். அதன் கீழே சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. வீட்டுக்குப் போகிற வழியில் மண்ணுக்கும் கொஞ்சம் தானம் செய்துவிட்டுப் போகிறது. எங்கள் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் நாற்பது வீடுகளுக்கு பாய்லர் பொருத்திக் கொடுத்தவர் அவர். அந்த நாற்பது முற்றங்களிலும் பனி, இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே கிடக்கும்.

காரணம் கேட்டேன் ஒருமுறை. "அது பூனைக்காக விட்டது வாத்தியாரே," என்றார். பூனை அங்கேதான் தூங்கும் என்பது உண்மைதான்.

ஊருக்கு அவர் ஓதும் வேதம் இரண்டே வரி. ஈர விறகு போடாதே. மண்ணுக்குள் ஜாயிண்ட் வைக்காதே. கொட்டகை முதல் வீடு வரை குழாய் ஒரே துண்டாக இருக்க வேண்டும். இரண்டாவதை மீறியவர் அவர் மனைவி ஜெர்மேனின் அண்ணன் குளோவிஸ் மிஷோ. ஆறு வருடம் முன்பு குளோவிஸ் தானே குழாய் புதைத்தார். ஒழுகியது. ரோசேர் போய், பனி உருகியிருந்த ஒரு திட்டைப் பார்த்துத் தோண்டி, பித்தளை ஜாயிண்டை எடுத்தார். எடுத்ததோடு விட்டிருக்கலாம். தேவாலயத்து பீன்ஸ் விருந்தில் அதைத் தட்டில் வைத்து மேசை மேசையாகக் காட்டினார். அன்று முதல் குளோவிஸுக்கு ஊரில் 'ஜாயிண்ட் மிஷோ' என்று பெயர்.

ஜனவரியில் ஒரு காலை, ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. எதிர்வீட்டுக்காரனான என்னை ஜெர்மேன் போனில் கூப்பிட்டாள்.

"வாத்தியாரே, இந்த மனுஷன் அரை மணி நேரமா பாய்லர் முன்னாடி நின்னு முணுமுணுக்கிறார். ஜெபம்னா சந்தோஷம். ஆனா அவர் ஜெபம் பண்ற ஆளில்லயே."

அவளுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. பனிக்கட்டி படிந்த வாசற்படியில் இறக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டைச் சூடேற்ற வேறு உலையும் கிடையாது. "என் பாய்லர் மேல நம்பிக்கை இருக்கறப்ப ரெண்டாவது எதுக்கு?" என்று பழைய எண்ணெய் உலையைப் போன கோடையில் ரோசேர் விற்றுவிட்டார். வாங்கியவர் குளோவிஸ்.

கொட்டகையில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழல் விடியலிலிருந்து இரண்டு சாண் இறங்கியிருந்தது. மண்ணுக்குள் எங்கோ ஒழுகுகிறது. வீட்டுக்குப் போகும் வால்வைத் திறந்து வைத்தால் பாய்லர் வற்றி இரும்பு பிளக்கும். மூடினால் வீட்டுக்குச் சூடு போகாது. உள்ளே வெப்பம் தண்ணீர் உறையும் முப்பத்திரண்டு ஃபாரன்ஹீட்டுக்கு வந்தால் சுவருக்குள் இருக்கும் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும், உள்ளே நகர முடியாத ஒருத்தி. ரோசேர் வால்வை மூடினார்.

குளோவிஸ் மண்வெட்டியோடு வந்து இறங்கினார். தங்கை அவரையும் கூப்பிட்டிருந்தாள்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. பனி உருகுன இடத்துல தோண்டணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இங்க எந்த இடம்? கொட்டகையிலேர்ந்து வீடு வரைக்கும் உருகிக் கெடக்கே."

"கொட்டகைப் பக்கத்துலேர்ந்து தோண்டு மச்சான். பேசாம தோண்டு."

மற்ற முற்றமாயிருந்தால் நாலடிக்கு உறைந்த மண்ணில் கடப்பாரையே வளைந்திருக்கும். இங்கே வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. சூட்டை மண்ணுக்கு விட்ட எந்த ஓட்டை வேலை அந்தக் கசிவை மறைத்ததோ, அதுவேதான் எங்களைத் தோண்ட விட்டது. ஆனால் குழாயின் மேலுறைக்குள் தண்ணீர் ஓடி எல்லா இடத்தையும் ஒரேமாதிரி நனைத்திருந்தது. பத்தடி தோண்டினோம், குழாயில் கீறல்கூட இல்லை.

ஜெர்மேன் சமையலறை ஜன்னலில், வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எழுதி, ஓர் அட்டையைப் பிடித்தாள். 58. கொஞ்ச நேரம் கழித்து 51.

நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். ஒருவன் எங்கே பார்க்கிறான் என்பதைவிட எங்கே பார்க்காமல் இருக்கிறான் என்பதை வைத்துத்தான் காப்பியடிக்கிறவர்களைப் பிடித்தவன். ரோசேர் எல்லா இடத்தையும் பார்த்தார், விறகு அடுக்குக்கு நேராக இருந்த ஓர் இடத்தைத் தவிர. சொல்லலாமா என்று நினைத்தேன். கோழைத்தனம், தொடர்ந்து தோண்டினேன்.

அடுத்த அட்டை 43. அதைப் பிடித்த கை உறை போட்டிருந்தது. தலையில் ரோசேரின் வேட்டைத் தொப்பி.

ரோசேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக விறகு அடுக்குக்கு எதிரே போய் நின்றார்.

"இங்க தோண்டுங்க."

"எப்படித் தெரியும்?" என்றார் குளோவிஸ்.

ரோசேர் மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினார். அவர் மூச்சு மீசையில் உறைந்து நின்றது.

"இங்க நான்தான் ஜாயிண்ட் போட்டேன். ஊர் வேலைல மிஞ்சின ரெண்டு குழாய்த் துண்டு. ஒவ்வொண்ணும் முப்பதடி. வீணாப் போகுதேன்னு..."

கால் மணி நேரத்தில் கிடைத்தது. பித்தளை ஜாயிண்ட், ஒரு பக்கத்து வளையம் பிளந்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குளோவிஸ் சிரிப்பார் என்று காத்திருந்தேன். ரோசேரும் காத்திருந்தார், சிரித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புது ஜாயிண்டை மாட்டும்போது ரோசேரின் விரல்கள் விறைத்து இடுக்கி நழுவியது.

"குடுங்க மாப்பிள்ளை. எனக்கு இதுல அனுபவம் உண்டு," என்று குளோவிஸ் இடுக்கியை வாங்கி இறுக்கினார்.

வால்வைத் திறந்தோம். கண்ணாடிக் குழலில் மட்டம் ஒரு விரல் இறங்கி, நின்றது. அட்டையில் 40. பிறகு மறுபடி 40. பிறகு 42.

அந்த இடத்தை ரோசேர் மறுபடி மண் போட்டு மூடவில்லை. மேலே மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றை வைத்தார். பூனை அதன் மேல் குடியேறிவிட்டது. பழைய ஜாயிண்டைக் குளோவிஸ் துடைத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டதை அன்றே ரோசேரும் நானும் பார்த்திருந்தோம்.

அதற்கப்புறம் மூன்று பீன்ஸ் விருந்து நடந்தது. மூன்றிலும் ரோசேர் சரியாகச் சாப்பிடவில்லை. குளோவிஸின் கை சட்டைப்பைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கரண்டி நின்றுவிடும். கைக்குட்டைதான் வெளியே வரும்.

நாலாவது விருந்தில் தாங்க முடியாமல் எழுந்து குளோவிஸின் மேசைக்குப் போனார்.

"எடு மச்சான். எடுத்து எல்லாருக்கும் காட்டித் தொலை."

"எதை மாப்பிள்ளை?" என்று குளோவிஸ், ப்ளோய் என்கிற எங்கள் ஊர் அடை இருந்த தட்டை நீட்டினார். "உக்காருங்க. சூடா இருக்கு."

ரோசேர் உட்காரவில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே சொல்ல ஆரம்பித்தார்.