நம்பர் பெரிய லேப்டாப்

திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இன்று விழுப்புரத்தில் லேப்டாப் பார்க்கப் போனேன்.

"உங்க டெஸ்க்டாப்புல இருக்கிறது பழைய கிராஃபிக்ஸ் கார்டும்மா. இந்த லேப்டாப்புல புதுசு, மாடல் நம்பரே பெருசு," என்றார் கடைக்காரர்.

"நம்பர் பெருசானா வேகம் வந்துடுமாங்க? லேப்டாப் கார்டுக்குக் கரண்டு கம்மி. சூடானா வேகத்தைக் குறைச்சிக்கும்."

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்டுக்காரரை இட்டுக்கினு வாங்க."

கல்யாணப் பாட்டு ஒன்று இருந்த பென்டிரைவை நீட்டி, அதை வீடியோவாக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் சாஃப்ட்வேர் ஒன்றுதான். காலையில் என் டெஸ்க்டாப் நான்கு நிமிடத்தில் முடித்த பாட்டுக்கு அந்த லேப்டாப் ஏழு நிமிடம் எடுத்தது.

லேப்டாப் வாங்க வந்து பக்கத்தில் நின்றிருந்த ஒலக்கூர்க்காரர், "எங்க பொண்ணுக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லும்மா," என்றார்.

கடைக்காரர் முறைத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இனி அந்தக் கடைக்குள் என்னை விடுவார்களா? சொல்லுங்கள்.