அக்காவை மேலே கொண்டுவந்த நாள்

அக்கா வேலூரில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். விடியற்காலையில் நர்ஸ் வந்து போர்வையை முகம்வரை இழுத்துவிட்டபோது நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இனி யாரிடம் போய் என்ன கேட்பது என்பதுதான் முதலில் தோன்றியது. எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. கடையில் உப்பு வாங்குவது என்றாலும் அக்காதான் முன்னால் நின்று கேட்பாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

நினைவு இருந்தவரை அக்கா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன கீழயே எரிச்சிட்டு வந்துடாதடி. அவரு பக்கத்துல கொண்டுபோய் வெச்சிடு."

அவர் என்றால் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. மலைமேல் எங்கள் ஊரில் சாமைக் கொல்லை ஓரத்தில் அவரைப் புதைத்திருக்கிறது. எங்கள் ஊரில் யாரையும் எரிப்பதில்லை. நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம்.

அக்காவுக்கு ஒரே மகன். ஓசூரில் கம்பெனி வேலை. போனில் அழுதான். பிறகு அவனே ஏற்பாடு சொன்னான். கண்ணமங்கலத்தில் ஒருவர் இருக்கிறார், சாவுக் காரியம் முழுவதையும் அவரே செய்து கொடுப்பார், வண்டி, ஐஸ் பெட்டி, பந்தல், மாலை எல்லாம் அவருடையது, "நீ வண்டியில ஏறி உக்காந்தா போதும் சின்னம்மா, நான் நேரா ஊருக்கு வந்துடறேன்" என்றான்.

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஐம்பது வயது இருக்கும். கூட டிரைவரும் ஒரு ஆளும். ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவரிடமும் குரலை உயர்த்தவில்லை. நான் பயந்த வேலையெல்லாம் காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அக்காவைப் பின்னால் ஏற்றி, என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"அவங்களுக்கு நீங்க இன்னா ஆவணும்மா?"

"தங்கச்சி."

"பேண்டு வேணுமா? பட்டாசு?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பூப்பல்லக்கு கீது. ஆனா உங்க ரோட்டுல ஏறாது. எரிக்கறதா, பொதைக்கறதா?"

"பொதைக்கறது." இது மட்டும் சத்தமாகவே வந்தது.

"சரிம்மா. எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒண்ணுத்துக்கும் கவலப்படாதீங்க."

சந்தவாசல் தாண்டும்வரை அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. வேறு ஒரு ஊரில் யாரோ இறந்திருந்தார்கள். அதற்கும் இதே சொல்லைச் சொன்னார். டிரைவர் சிரித்துக்கொண்டே, "அண்ணங்கிட்ட கல்யாணத்துக்குப் பந்தல் கேட்டாகூட கூடவே ஒரு ஐஸ் பெட்டி சேத்து அனுப்பிடுவாரு" என்றான்.

"டேய், பின்னால ஆள் கீறாங்க. பாத்து பேசு."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அவருடைய ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு அக்கா.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்ட யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு ஒரு ஆண் பிள்ளை கடப்பாரையோ மண்வெட்டியோ எடுத்துக்கொண்டு தானாக வந்து நிற்பார். வா என்று கூப்பிட்டால் அது கூலி வேலை மாதிரி ஆகிவிடும். அன்றும் அப்படித்தான் நின்றார்கள். வண்டி ஊருக்குள் திரும்பும்போதே தோளில் கடப்பாரை தெரிந்தது. என் கொழுந்தனார் முன்னால் நின்றார்.

ஐஸ் பெட்டிக்காரர் இறங்கினார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"யாரும் சிரமப்பட வேணாங்க. எல்லா ஏற்பாடும் எங்களுது. மகன் பேசிட்டாரு. நீங்க வந்து மாலைய போட்டுக் கும்பிட்டா போதும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தனார் திரும்பி நடந்தார். பிறகு ஒவ்வொருவராக நடந்தார்கள். சிலர் கடப்பாரையை வீட்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கொழுந்தனார் வரவேயில்லை. ஐஸ் பெட்டிக்காரருடைய ஆட்களே வெட்டுவார்கள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். கீழே சுடுகாட்டில் குழிக்கென்று ஆள் இருப்பார், சொல்லிவிட்டால் வெட்டி வைத்திருப்பார். இங்கேயும் அப்படி யாரோ வெட்டியிருப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்று ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தில் ஒப்பாரி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூன்று தரம் ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அத கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கடா. நான் அழ வேணாமா?"

நிறுத்தினார்கள். அவள் அழுது முடித்ததும் மறுபடி ஓட்டினார்கள்.

உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு மகன் வந்து சேர்ந்தான். அக்காவைக் குளிப்பாட்டிப் புதுப்புடவை போர்த்தினோம்.

"எடுத்துடலாங்களா?" என்று கேட்டார் ஐஸ் பெட்டிக்காரர்.

"குழி ரெடியா சார்?" என்றான் மகன்.

"அது உங்க ஊர்க்காரங்க பாத்திருப்பாங்களே."

"நீங்கதான எல்லாத்தையும் பாத்துக்கறேன்னீங்க?"

பந்தலுக்குள் இருந்த ஆண்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "எங்கள மாலைதான போடச் சொன்னாரு? போட்டாச்சி" என்றார். யாரோ சிரித்தார்கள்.

ஐஸ் பெட்டிக்காரர் முகம் சிவந்துவிட்டது. அவருடைய ஆட்களிடம் ஒரு மண்வெட்டிகூட இல்லை. எங்கள் மண் இரண்டடிக்குக் கீழே வெறும் கல். மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அவர் அக்கா மகனை ஓரமாகக் கூட்டிப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒண்ணு பண்ணலாங்க. மழைக்கு முன்னால கீழ எறக்கிடலாம். தகன மேடைக்கு ஒரு போன் போட்டா போதும். காலையில அஸ்தி கையில குடுத்துடுவாங்க."

மகன் களைத்துப்போயிருந்தான். ஊராரிடம் போய் நிற்க அவனுக்குக் கூச்சம். "இன்னா சின்னம்மா சொல்ற?" என்றான்.

இதற்குத் தலையாட்ட முடியாது. நான் பந்தலை விட்டு வெளியே வந்து கொழுந்தனார் வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவரிடம் நேராக நின்று நான் பேசியது குறைவு. அவர் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லாத புளி.

"தம்பி, கடப்பாரை குடுங்க."

"யாருக்கு? பெட்டிக்காரருக்கா? அவர்கிட்ட ஜெனரேட்டரே கீது, கடப்பாரை இல்லியா அண்ணி?"

"எனக்குத்தான். அக்காவ கீழ எடுத்துக்கினு போய் எரிக்கலாம்னு பேசிக்கினு கீறாங்க. நான் குழி வெட்டப் போறேன்."

"நீங்க வெட்டுவீங்களா?"

"முட்டி ஆழம் வெட்டுவேன். மீதிய மவன் வெட்டட்டும்."

"முட்டி ஆழத்துல வெச்சா ராத்திரியே நரி இழுத்துக்கினு போவும்."

"அப்ப நீங்க சொல்லுங்க, எவ்ளோ வெட்டணும்?"

அவர் புளியை முறத்தில் தள்ளினார். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். என் கையில் தரவில்லை. தோளில் வைத்துக்கொண்டு சாமைக் கொல்லைப் பக்கம் நடந்தார். யாரையும் கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பந்தலுக்கு முன்னால்தான் வழி. அவர் போவதைப் பார்த்து ஒருவர் எழுந்தார். பிறகு நாற்காலிகள் காலியாயின.

மாமாவுக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். கல்லில் இரும்பு படும் சத்தம் பந்தல்வரை கேட்டது. மகன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஐஸ் பெட்டிக்காரரும் பேண்டை மடித்துவிட்டு வந்து மண் வாரினார். கொழுந்தனார் அவரைச் சீண்டாமல் விடவில்லை.

"மாலை போட்டா போதும்னீங்களே?"

"தப்பா நெனக்காதீங்க. கீழ அந்த வார்த்தைய சொன்னாத்தான் ஜனங்க நிம்மதியா உக்காருவாங்க."

"இங்க அத சொன்னா வூட்டுக்குப் போய்டுவாங்க."

"இப்ப தெரியுதுங்க."

"மண்ண இந்தப் பக்கம் போடுங்க. அது அவங்க வூட்டுக்காரரு தலமாடு."

தூறல் விழும்போது அக்காவை இறக்கினோம். மகன் முதல் பிடி மண் போட்டான். பிறகு நான். பிறகு ஊர். ஐஸ் பெட்டிக்காரர் கடைசியில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பிடி போட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வண்டி கீழே இறங்கியது. கொழுந்தனார் வேலியிலிருந்து முள் வெட்டி வந்து மேட்டின்மேல் பரப்பிக் கல் வைத்தார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மழை நன்றாகப் பெய்திருந்தது. மண் கொஞ்சம் இறங்கியிருந்தது, முள் கலையவில்லை. ஓரத்தில் சரிந்த மண்ணைக் கையால் அள்ளி மேலே போட்டேன். அக்கா வீட்டு ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. போய் அவிழ்த்துவிட்டேன்.