விண்ணப்பத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு விண்ணப்பத்தில் எங்கெங்கே பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட்டாள். அந்த விண்ணப்பத்தால் கிடைத்த இடத்தில்தான் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே பெரிய பெரிய பேராசிரியர்களைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அம்மாவைப் பார்த்து மலைத்ததுபோல் இன்னும் யாரைப் பார்த்தும் மலைக்கவில்லை.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த நாங்கள் அவிநாசிபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா டெம்போ ஓட்டினார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, கழுத்தில் ஆரம்பித்து ஒரு சுற்று பார்ப்பாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரிசெய்து வந்த பிறகு, ஒட்டியவளேதான் பார்த்து அம்பை உரிக்க வேண்டும். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அம்பு இருக்கும்வரை அந்தப் பீஸ் அயர்ன் மேசையை எட்டிக்கூடப் பார்க்காது.

நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் டெல்லிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்குள்ள நூலகத்தின் வீடியோவை அம்மாவுக்குப் போனில் காட்டியபோது, "இத்தன பேரும் பேசாமலா உக்காந்திருக்காவ?" என்று வாய்பிளந்து பார்த்தாள். கேட்பவர்கள் ஏராளம், எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். நவம்பரில் முதல் சுற்று. அதில் போட்டால் இடமும் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றார் எங்கள் ஆங்கில ஆசிரியை. ஆனால் ஒரு கட்டு உண்டு. கிடைத்தால் போயே ஆக வேண்டும். வேறெங்கும் சேர மாட்டோம் என்று மாணவரும் பெற்றோரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் சுற்று வரை காத்திருந்தால் அந்தக் கட்டு இல்லை. கோயம்புத்தூர், சென்னை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாம்.

"அம்மாகிட்டப் பேசிட்டியா கண்ணு?" என்று ஆசிரியை கேட்டார்.

"பேசிட்டனுங்க மிஸ்."

பேசவில்லை. டெல்லியில் ஒரு காலேஜுக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று அப்பா வழக்கம்போலக் கழன்றுகொண்டார். கட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நம்பினேன்.

புதன்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தைய ஞாயிறு மாலை, கட்டுரையையும் படிவத்தையும் பிரிண்ட் எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன்.

"என்ன எழுதிருக்கன்னு வாசி."

"எல்லாம் இங்கிலீஷும்மா."

"தமிழ்ல சொல்லு. பாக்காம ஒரு பீஸக்கூட நான் பாஸ் பண்ணதில்ல."

வரிவரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முடித்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய், கம்பெனிக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்து வந்தாள்.

"கழுத்துல இருந்து மறுபடியும் வா."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இது என்ன பனியனா என்று கத்தினேன். அவள் அசையவில்லை. மறுபடி வாசித்தேன்.

'சிறு வயதிலிருந்தே இந்தப் பல்கலைக்கழகம் என் கனவு' என்ற இடத்தில் முதல் அம்பு விழுந்தது. அந்தப் பெயரையே நான் ஆகஸ்ட் மாதம்தான் கேள்விப்பட்டேன். 'தெருவிளக்கில் படித்து வளர்ந்தேன்' என்ற இடத்தில் அடுத்தது.

"ஏட்டி, நம்ம வீட்டுல ட்யூப் லைட் இல்லியா? அப்ப மாசாமாசம் கரண்ட் பில்லு எதுக்குக் கெட்டுதேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மறைவில் படிவத்துக்குத் தாவினேன். முடிவைக் குடும்பத்தோடு எப்படிப் பேசினீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் விட முடியாது. 'கிடைத்தால் நான் போயே ஆக வேண்டும் என்பது என் அம்மாவுக்குத் தெரியும். அவருக்கு மனப்பூர்வமான சம்மதம்' என்று எழுதியிருந்தேன்.

"அம்மாவுக்குச் சம்மதம்னு போட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினேன். அவள் அதைத் திரும்ப இழுத்து, சரியாக என் விரல் ஓடிய அந்த வரியின்மேல் மூன்றாவது அம்பை ஒட்டினாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று எனக்கு. "எப்பிடிம்மா?" என்றேன்.

"மிஷின்ல புதுசா உக்காருதவ, வளைவு வந்தா பயத்துல ஓட்டமா ஓட்டிருவா. தையல் அங்கனதான் விட்டிருக்கும். நீயும் வாசிக்கையில மூணு எடத்துல ஓட்டமா ஓட்டுன."

பதினைந்து வருடமாக அந்த மேசையில் நின்று அவள் வெறும் நூல்தான் நறுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். கூடப் படித்தவர்களிடம் அம்மா என்ன வேலை என்று சொல்லவே கூச்சப்பட்டிருக்கிறேன். அதை நினைத்து அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கிடைத்தால் மாற்ற முடியாது என்பதையும், ஏன் மறைத்தேன் என்பதையும்.

"லேட்டாப் போட்டா யோசிக்க நேரம் கிடைக்கும்மா. யோசிச்சா உன்ன விட்டுட்டுப் போக மாட்டேன். அதான் இப்பவே கட்டிப் போட்டுக்கலாம்னு பாத்தேன்."

அம்மா பூண்டுத் தோலையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். பிறகு, "மொத ரெண்டையும் நீ சரி பண்ணு. மூணாவத நான் இப்ப எடுக்க முடியாது" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு இடங்களையும் மாற்றி எழுதினேன். ஆகஸ்டில் கேள்விப்பட்டேன் என்று எழுதினேன். தெருவிளக்கு போய்க் கட்டுரையில் ட்யூப் லைட் வந்தது, அதன் அடியில் அம்மாவும் வந்தாள். வாசித்துக் காட்டியதும் இரண்டு அம்புகளையும் உரித்தாள். மூன்றாவது அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை என்று எழுதினால் விண்ணப்பம் செல்லாது, வேறு எதை எழுதினாலும் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். பள்ளிக்குப் போய், "ரெண்டாவது சுத்துல போட்டுக்கறனுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"செரி கண்ணு. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது. எதுக்கும் தாளைக் கையில வெச்சிரு" என்றார்.

புதன்கிழமை காலை கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையோடு வாசல் வரை போன அம்மா திரும்பி உள்ளே வந்தாள். அந்த வேன் அவளுக்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை. அலமாரி மேலிருந்து தாளை எடுத்தாள்.

"கம்பெனில எங்க லைன்ல ஒடிசாப் புள்ள ஒண்ணு இருக்கு. உன் வயசுதான் இருக்கும். அம்மாவ விட்டுட்டு எப்பிடி இருக்கன்னு ரெண்டு நாளா அதுகிட்டதான் கேட்டுட்டு இருந்தேன். வந்த புதுசுல தெனமும் அழுதேன் அக்கா, இப்ப ஞாயித்துக்கெழம மட்டுந்தான்னு சொல்லுது."

"அவளோட அம்மா?"

"அதையும் கேட்டேன். மககிட்ட போன்ல பேசி வச்சப்பொறவு இன்னும் தெனமும் அழுவுதாளாம். தங்கச்சிக்காரி சொல்லிருக்கா."

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. அம்மா தாளைக் கட்டில்மேல் விரித்து, நகத்தால் அம்பின் முனையை நெம்பினாள். காகிதம் கிழியாமல் மெதுவாக உரித்து, வேலையில் செய்வதுபோலவே தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அழுதா அழுதுட்டுப் போறேன். நீ போயிட்டு வா" என்றாள். தமிழில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனைப் பார்த்து ஓடினாள்.

மாலை நான்கு மணிக்குப் பள்ளிக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். ஆசிரியை பின்னால் நின்று, "சரி பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

கடைசிக் கட்டத்தில் இருந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை பொய்யாக இருந்த வரி அது. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.