கறுப்பு வெள்ளையில் யூர்கனின் அம்மா

காலையில் எங்கள் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். நான் வேலை கேட்கப் போகிறேன், லுங்கியோடு, சாப்பாட்டு மேசை வரைக்கும். மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குச் சைக்கிளில் கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்து, முகம் தெரியாத துரைமார்களுக்கு, "உங்கள் தேவையைக் கவனமாகப் படித்தேன்" என்று எழுதத் தொடங்குவேன். படித்திருக்க மாட்டேன். அவர்களும் படிப்பதில்லை. ஒரு லோகோவுக்கு உலகமே திரண்டு வந்து ஏலம் கேட்கிறது. எங்கள் காசிமேட்டு மீன் ஏலத்தில் விலை ஏறும். இந்த இணையதளத்தில் மீனே வாயைத் திறந்து, "என்னை இன்னும் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்ச வேண்டும். இந்தக் கேவலத்துக்குச் சுதந்திரத் தொழில் என்று பெயர். பிரேமர்ஹாஃபன் என்கிற இந்த ஜெர்மன் துறைமுக ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கீழ்வீட்டு அம்மாள் இன்னமும் என்னைப் பார்த்தால், எப்போது வேலைக்குப் போவீர்கள் என்று கேட்கிறாள்.

ஊரில், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், நானும் தண்டையார்பேட்டை நஜீரும் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தோம். வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, கழுத்தில் மூச்சு விட்டபடி வேலை வாங்குவார்கள். "இன்னா மாமு, எம் மூஞ்சி அவன்த விட சின்னதா கீது?" என்று சண்டை வரும். ரசனை என்பது எங்கள் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த ரோஜாப் பூக்களையும் தங்கக் கதிர்களையும் நான் மனதார வெறுத்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் கடை கறாராக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படமும் வெள்ளைப் பூவும் கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும்தான். பிறந்தநாள் பேனருக்கு யாராவது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தால், நஜீர் அந்த முகத்துக்குக் கலர் ஏற்றிவிட்டுத்தான் டீயைத் தொடுவான்.

போன மாதம் இதே ஊரிலிருந்து ஒரு வேலை வந்தது. யூர்கன் என்பவர், சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர், ஒரு போஸ்டர் கேட்டிருந்தார். தளத்தில் அவர் எழுதியிருந்தது நாலே விஷயம்: இணைத்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளை லில்லிப் பூக்கள், பெயர், பிறந்த வருடம். நேரில் போனேன். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளாம். வேலை பிடித்தால் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இந்த ஏலப் பிச்சையை அன்றோடு தலைமுழுகிவிடலாம் என்று வீட்டுக்கு ஓடி வந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உயிரோடிருக்கும் கிழவியைச் சுற்றி வெள்ளைப் பூ வைக்க எந்த ஊர்க்காரனுக்கு மனசு வரும்? கன்னத்துக்குச் சிவப்பு, கண்ணுக்கு நீலம், பின்னால் ரோஜாவும் தங்கக் கதிரும். ஆயுசுக்கும் நான் வெறுத்ததையெல்லாம் கொட்டி, பெருமையாகக் கொண்டுபோய் விரித்தேன்.

யூர்கன் குனிந்து பார்த்தார். "நான் கேட்டது கறுப்பு வெள்ளை."

"உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

"ஆமாம், இருக்கிறார். ஏன் சொல்கிறீர்கள்?"

என்னிடமிருந்த ஜெர்மன் அத்தோடு தீர்ந்துவிட்டது. நான் ஏதோ மிரட்டல் விட்டதுபோல அவர் ஓரடி தள்ளி நின்றார். பிறகு, மரியாதையாகவே, "அம்மாவின் கண் பழுப்பு நிறம்" என்றார். வெள்ளைக்காரி என்றால் நீலக்கண்தான் என்று யாரையும் கேட்காமல் முடிவுகட்டிய மடையன் நான். அச்சக வேலையும் அங்கேயே முடிந்தது.

மறுநாள் அதே நாலு வரியோடு வேலை மறுபடி தளத்தில் ஏறியிருந்தது. சாயங்காலம் ஊரிலிருந்து நஜீர் போனில் கூப்பிட்டான். பேனர் தொழில் படுத்ததும் அவனை இந்தத் தளத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். எல்லோரையும்விடக் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடித்திருந்தான்.

"மாமு, உன் ஊரு ஆளு வேலடா. அந்த அம்மா உசுரோட கீதா, பூட்ச்சா?"

உண்மையைச் சொன்னால் அவனும் கலர் ஏற்றுவான், அவனும் கெடுவான். பாதி அந்த அக்கறை. மீதி, யூர்கன் மேல் எனக்கிருந்த வன்மம். "பூட்ச்சுடா" என்றேன்.

இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்தான். "பொறந்த வருசம் மட்டும் கீது, இறந்த வருசம் போடலியே?"

"இங்க போட மாட்டாங்க. நீ நல்லா பண்ணு."

பண்ணினான். அவ்வளவு நேர்த்தியான கண்ணீர் அஞ்சலியை எங்கள் கடையில்கூட அவன் செய்ததில்லை. யூர்கன் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இனி எல்லா வேலையும் உனக்கே என்று எழுதிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது நஜீரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாமு, அந்தத் துக்கத்துலயும் துட்ட கரெக்டா போட்டுட்டாருடா. நல்ல மன்சன். அந்த அம்மாக்கு நேத்து ஜும்மால துவா கேட்டேன். நீ அங்கத்தான கீற, எம்பேர சொல்லி ஒரு எட்டு துக்கம் கேட்டுகினு வந்துரு."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். எனக்கு முன்னால் யூர்கனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி நின்றிருந்தாள். இரண்டு நாள் நான் கலர் ஏற்றிய முகம். திரும்பிப் பார்த்தாள். கண் பழுப்புதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். யூர்கன் என்னைப் பார்த்து அளவாகத் தலையாட்டிவிட்டு அவளை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

"கேட்டுட்டேன்டா" என்று நஜீருக்கு அனுப்பினேன்.